கல்வெட்டில் ஏறும் வீடு

மலேசியாவில் சிகாமட்டிலிருந்து மூவாருக்கு வேன் ஓட்டும் சுகுமாறனின் நாக்கில் ஒரு சொல் எப்போதும் தயாராக இருக்கும்: "சொல்றாங்க." இந்தக் கட்டடம் நூறு வருஷத்துப் பழசுன்னு சொல்றாங்க. இந்த மாடி வீட்டுல ஒரு சீனத் தௌகே, பெரிய முதலாளி, ரெண்டு பொண்டாட்டியோட இருந்தாருன்னு சொல்றாங்க. யார் சொல்கிறார்கள் என்று ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

அவர் பிறந்தது லாபிஸ் பக்கத்து எஸ்டேட்டில். பதினோரு வருஷம் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அது மூடப்பட்டதும் சிகாமட்டுக்கு வந்து பழைய வேன் ஒன்றை வாங்கினார். வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் மூவாருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை. முதல் பயணத்தில் ஒருவர் ஆற்றோரத்துப் பள்ளிவாசலைக் காட்டி, இதை எந்த வருஷம் கட்டினார்கள் என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றார் சுகுமாறன். திரும்பும் வழியில் அதே ஆள் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், அடுத்த தடவை வேறு வேன் பார்க்கலாம் என்று தணிந்த குரலில் சொன்னது முன்னால் வரை கேட்டது. அன்றோடு "தெரியாது" என்ற சொல் வண்டியை விட்டு இறங்கிவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து நிர்மலாதேவி என்ற அம்மாவின் குரல் பதிவு புதன்கிழமை வந்தது. மனைவி மலர் ரசம் தாளித்துக்கொண்டிருக்க, சுகுமாறன் அடுப்படியில் நின்றபடி அதைக் கேட்டார்.

"தம்பி, நான் கனகசபையிட மகள். அப்பா மூண்டு கிழமைக்கு முன்னம் தவறிட்டார். நீங்கள் மூவாரில அப்பாவுக்குக் காட்டின வீட்டை நான் ஒருக்காப் பாக்கவேணும். அந்த வீட்டைக் கல்வெட்டில போடப்போறம்."

கூடவே ஒரு படம். நீல ஜன்னல் வைத்த பலகை வீடு, அதன் படியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். சுகுமாறன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் குழுவோடு வந்தவர் கனகசபை. அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூவாரில் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவராம். ஆறு வயதில் விட்டுப்போன குவார்ட்டர்ஸ் எங்கே இருக்கும் என்று பெரியவர் கேட்டார். சுகுமாறனுக்குச் சத்தியமாகத் தெரியாது. வேன் அப்போது அந்த நீல ஜன்னல் வீட்டைக் கடந்துகொண்டிருந்தது. "இதுதான்னு சொல்றாங்க" என்றார்.

பெரியவர் இறங்கினார். வாசற்படிகளை எண்ணினார். தன் ஞாபகத்தில் ஐந்து படி, இங்கே மூன்றுதானே இருக்கிறது என்றார். சுகுமாறன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ரோட்டை உயர்த்தினபோது இரண்டு படி மண்ணுக்குள் போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டு மேல் படியில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. குழுவில் யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை.

அந்தக் கால் மணி நேரம் சுகுமாறனை விடவில்லை. அடுத்த மாதமே ஆற்றோரத் தேநீர்க் கடையில் விசாரித்தார். நகராட்சியில் முப்பது வருஷம் புல் வெட்டிய, எல்லோரும் 'பாக் சிக்' (மாமா) என்று கூப்பிடும் அப்துல் சமாட், குவார்ட்டர்ஸ் ஆறு வீடும் இடித்தாயிற்று, இப்போது அது கார் நிறுத்துமிடம் என்று அழைத்துப்போய்க் காட்டினார். பெரியவரின் எண் கைப்பேசியில் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

குரல் பதிவை மலர் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"அடுத்தவங்க வீட்டுச் சுவத்துல கல்லு பதிச்சா சும்மா விடுவாங்களா?" என்றாள். "போலிஸ் வந்து வெலங்கு மாட்டுறப்போ, கல்லப் பதிச்சது வேற யாரோன்னு சொல்றாங்கன்னு சொல்லுங்க."

சுகுமாறனுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு ராத்திரி அவர் கண்ணை மூடும்போதெல்லாம் அந்தச் சுவரில் ஒரு கருங்கல் தெரிந்தது. அதில் பொன் எழுத்து. கீழே ஒரு மலாய்க் குடும்பம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை சிகாமட் ரயில் நிலையத்தில் நிர்மலாதேவி வந்து இறங்கினார். அறுபதை நெருங்கும் வயது, குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் ஒரு துணிப் பை. வேனில் ஏற்கெனவே கோயில் மாதர் குழுவிலிருந்து எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கஸ்தூரிக்கு இது நான்காவது மூவார் பயணம். ஆகவே ஞாபகசக்தியும் அதிகம்.

"அண்ணே, போன தடவ மணிக்கூண்டு வெள்ளக்காரன் கட்டினதுன்னீங்க. அதுக்கு முந்தி சுல்தான் கட்டினாருன்னீங்க" என்றாள் கஸ்தூரி, ஊர் எல்லை தாண்டுவதற்குள்.

"ரெண்டு பேரும் சேந்து கட்டினாங்கன்னு சொல்றாங்க லா."

வேன் சிரித்தது. நிர்மலாதேவியும் சிரித்தார். சுகுமாறன் கண்ணாடியைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

மூவாரில் காலையிலேயே சாத்தே, குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி, சாப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது அதிசயம். பத்து மணிக்குக் கரிப்புகையின் நடுவே மாதர் குழு குச்சிகளைக் குவித்துக்கொண்டிருந்தபோது, நிர்மலாதேவி வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டார். வெயில் தாழட்டும் என்றார் சுகுமாறன். பள்ளிவாசலைக் காட்டினார். படகில் ஏற்றி ஆற்று முகத்துவாரம் வரை அனுப்பினார். கடைத்தெருவில் மாடி நெற்றிகளில் பொறித்த வருஷங்களைப் படிக்க வைத்தார். சுவர் ஓவியங்களுக்கு முன்னால் ஒவ்வொருவரையும் நிறுத்திப் படம் எடுத்தார். வழக்கமாக இரண்டு மணிக்கு முடியும் சுற்று நான்கு மணி வரை நீண்டது. நிர்மலாதேவி எங்கேயும் முணுமுணுக்கவில்லை. ஆற்றங்கரையில் மட்டும் தனியாக நின்றார். கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் தன் தகப்பனார் சின்ன வயதில் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொள்வாராம் என்றார். இப்போது ஊதுவதற்கு அங்கே ஒரு கப்பலும் இல்லை.

மற்றவர்களை மீ பண்டோங் நூடுல்ஸ் கடையில் இறக்கிவிட்டு, நிர்மலாதேவியை மட்டும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். நீல ஜன்னல்கள் அப்படியே இருந்தன. மேல் படியில் ஒரு பூனை படுத்திருந்தது.

நிர்மலாதேவி பையிலிருந்து தகப்பனார் வைத்திருந்த அந்தப் படத்தை எடுத்து, வீட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சுகுமாறனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"க்கா, வீட்டுக்காரங்க சம்மதிச்சிட்டாங்களா?"

"எதுக்கு?"

"கல்வெட்டு வைக்கிறதுக்கு. சுவத்துல கல்லு பதிக்கணும்னா ஆணி அடிக்கணும், சிமெண்டு பூசணும்…"

நிர்மலாதேவி அவரை ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தகப்பனார் இறந்த பிறகு அவர் இப்படிச் சிரிப்பது முதல் தடவையாக இருக்க வேண்டும். சிரித்து முடிக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கள் யாழ்ப்பாண ஆட்களிடம் கல்வெட்டு என்றால் புத்தகம் என்று விளக்கினார். முப்பத்தோராம் நாள் செத்தவரின் வாழ்க்கையை எழுதி, படங்கள் போட்டு, அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது. நாளைக்கு அச்சகத்துக்குப் போகிறது. இருநூறு பிரதி. மெல்பர்னுக்கும் லண்டனுக்கும் தபாலில் போகும்.

சுகுமாறனின் தோளிலிருந்து கருங்கல் இறங்கியது. இறங்கி முடிவதற்குள் வேறொன்று ஏறியது. கல் என்றால் ஒரே ஒரு சுவரில் இருந்திருக்கும். பெயர்த்தும் எடுத்துவிடலாம். இது இருநூறு வீட்டு அலமாரிகளுக்குள் போகும். நூறு வருஷம் கழித்து எவனாவது மூவாரில் வந்து நின்று, இதுதான் எங்கள் பாட்டன் பிறந்த வீடு என்று இந்தப் பூனையின் பேரன் பேத்திகளைப் படம் எடுப்பான்.

சும்மா இருந்துவிடலாம்தான். இந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை.

"க்கா, இது அந்த வீடு இல்ல."

அவர் திரும்பினார்.

"எனக்கு அன்னைக்குத் தெரியாது. வாயில வந்தத சொன்னேன். ரெண்டு படி மண்ணுக்குள்ள போச்சுன்னு சொன்னதும் நான் கட்டினதுதான். பெறவு விசாரிச்சேன். நெசமான எடம் எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லல."

நிர்மலாதேவி மூன்று படிகளையும் பார்த்தார். பூனை எழுந்து முதுகை வளைத்துவிட்டு உள்ளே போனது. அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று சுகுமாறன் நினைத்தார். 

"அப்பாவிட்ட ஏன் சொல்லேல்ல?"

"கால் மணி நேரம் ஒக்காந்திருந்தாருங்க க்கா. அந்தக் கால் மணி நேரத்த எப்படி அவர்கிட்டேருந்து பிடுங்குறது?" சொல்லிவிட்டு, அது பாதி உண்மைதான் என்பதால், மீதியையும் சொன்னார். "வெக்கமாவும் இருந்துச்சு."

நிர்மலாதேவி கையிலிருந்த படத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் நடுங்கும் நீல மையில் ஒரே வரி. அதைச் சுகுமாறனிடம் நீட்டினார்.

'மூவாரில் நாங்கள் இருந்த வீடு எண்டு சொல்லுகினம்.'

"மூவார் ஆக்கள் ஆரோ சொன்னதை எழுதியிருக்கிறார் எண்டு நினைச்சன்" என்றார் நிர்மலாதேவி. "அப்பா ஆடிட் ஆபீஸில இருந்தவர் தம்பி. சந்தேகம் இருந்தா இப்பிடித்தான் எழுதுவார்."

சுகுமாறன் தன் 'சொல்றாங்க' என்ற சொல்லை யாழ்ப்பாணப் பேச்சில், இன்னொருவர் கையெழுத்தில் பார்த்துக்கொண்டு நின்றார். படியை எண்ணியபோதே பெரியவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்த பிறகும் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

கார் நிறுத்துமிடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. தார் போட்ட தரை, வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் ஒரு அங்சானா மரம். மரத்துக்கு இந்தப் பக்கம் மூன்றாவது நான்காவது வீடுகள் இருந்ததாகச் சமாட் காட்டியதைச் சுகுமாறன் நடந்து காட்டினார். அவர்கள் இருந்தது எத்தனையாவது வீடு என்று நிர்மலாதேவி கேட்டார்.

"தெரியாதுங்க க்கா."

அவர் தலையாட்டினார். கோடுகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பி வந்தார். கைப்பேசியைத் தூக்கி மரத்தையும் தரையையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். இரண்டு படத்தையும் போடப்போவதாகச் சொன்னார். பலகை வீட்டுக்குக் கீழே அப்பா எழுதினதே இருக்கட்டும்.

"இதுக்குக் கீழ என்ன எழுத? ஆர் சொல்லுகினம்?"

கடையிலிருந்து கஸ்தூரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். சுகுமாறன் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டார்.

"புல் வெட்டின அப்துல் சமாட் காட்டினது, வேன் ஓட்டுற சுகுமாறன் விசாரிச்சதுன்னு எழுதுங்க."

நிர்மலாதேவி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கைப்பேசியை அவரிடம் காட்டினார். சுகுமாறன் வெயிலைக் கையால் மறைத்துக் கவனமாகப் படித்தார்.

"பெரிய 'ற' க்கா" என்றார். "சுகுமாறனுக்குப் பெரிய 'ற'."