மரத்துக்கு ஐஸ் வைத்தவன்

மேலதிகாரிக்கு ஐஸ் வைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மரத்துக்கு ஐஸ் வைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். விருதுநகரில், ஒரு மார்கழி மாதம், மீன்கடையில் ஐஸ் கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றி, இரண்டு பிளம் மரங்களின் காலடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பூனைகள்தான் வந்தன.

எல்லாம் என் அக்காவுக்காக. சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிறவள். ஒரு வைகாசியில் கம்பெனி ஆட்களை பஸ்ஸில் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே யாரோ ஆளுக்கு ஒன்று என்று கொடுத்த பிளம் பழத்தைத் தின்றுவிட்டு வந்து, முதலில் புளிக்குது, பெறகு இனிக்குது, எங்கனயாவது பார்த்தா ஒண்ணு வாங்கிட்டு வா என்றாள். யாரிடமும் எதுவும் கேட்கிற பழக்கம் இல்லாதவள் அவள்.

எனக்கு வீடு விருதுநகரில், வேலை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில். தினமும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில்தான் ஏறுவதும் இறங்குவதும். சீசனில் அங்கே தள்ளுவண்டியில் பிளம் குவிந்து கிடக்கும். ஒரு கிலோ வாங்கி அடுத்த பஸ்ஸில் ஏறியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அப்போது பிரஸ்ஸில் பழப்படக் காலண்டர் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் இடுப்பளவு மரம், கிளை தாங்காமல் பழம். அதைப் பார்த்த மயக்கத்தில் அக்காவிடம், "கடைப் பழம் எதுக்குக்கா? நம்ம வீட்லயே காய்க்க வைக்கேன். நீயே வந்து உன் கையால பறி" என்றேன். அவள் சிரித்தாள். சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

குட்டை ரக ஒட்டுக்கன்று, அதுவும் ஜோடியாக. ஒற்றை மரம் காய்க்காது என்று நர்சரிக்காரர் சொன்னார். வீட்டின் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் கரிசலைத் தோண்டி எடுத்துச் செம்மண் போட்டு நட்டேன். போர் தண்ணீரின் உப்பில் இலை ஓரமெல்லாம் கருகியது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன். என் மனைவி பேசாமல் கொடிக்கயிற்றை மொட்டை மாடிக்கு மாற்றினாள்; அவள் பேசியிருந்தால் தேவலை. பிறகு, குளிர் பட்டால்தான் இந்த மரம் பூக்கும் என்று ஒருவர் சொன்னார். அப்படி வந்ததுதான் ஐஸ்.

மூன்றாவது வருடம் மாசியில் ஒரு மரத்தில் ஐந்து வெள்ளைப் பூக்கள் பூத்தன. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். லீவு நாளில் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கால் வீங்கியிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தால் அப்படித்தான் என்று அவளே சொன்னாள், நானும் நம்பினேன். பூவைத் தொடாமல் குனிந்து பார்த்து, எப்போது பழமாகும் என்று கேட்டாள். கல்யாணத் தேதி குறிக்கிறவன் மாதிரி, வைகாசி என்றேன்.

ஒரே வாரத்தில் ஐந்தும் உதிர்ந்துவிட்டன. நான் சொல்லவில்லை. அவள் போன் பண்ணும்போதெல்லாம் பிஞ்சு பிடித்திருக்கிறது, காவலுக்கு ஆள் போட்டிருக்கிறேன் என்று வேடிக்கை பேசினேன். அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். அது போதும் என்றிருந்தேன். சிரிக்கிற ஆளுக்குப் பழம் எதற்கு?

வைகாசி வருவதற்குள் வீக்கம் முகத்துக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிட்னி என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தத் தள்ளுவண்டியில் ஒரு கிலோ பிளம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அத்தான் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "டாக்டர் பழமே ஆகாதுன்னுட்டாரு, மாப்ள" என்றார். பையைத் திரும்ப எடுத்தேன். அக்கா கை நீட்டினாள். ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, மோந்து பார்த்து, முந்தானையில் துடைத்து என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மரம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, நீ தேறி வருவதற்குள் கட்டாயம் காய்த்துவிடும் என்றேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"ஏலே, நான் ஒரு பழந்தானே கேட்டேன். மரமா கேட்டேன்?"