நான்கு எண் போட்ட துப்பாக்கி

1921இல் ஜெர்மனியின் சூல் நகரத்துப் பட்டறையொன்றில், போரில் மிஞ்சிய பாகங்களைச் சேர்த்து அமெரிக்காவுக்குக் கைத்துப்பாக்கி செய்தார்கள். குழல் ஒரு தொழிற்சாலையுடையது, உடல் இன்னொன்றுடையது. எல்லாவற்றிலும் வெவ்வேறு எண். அவை உரசாமல் பொருந்தும்வரை அரத்தால் ராவுவதில், அங்கே வேலைசெய்த ஓட்மாரின் தங்கை வால்புர்காவை மிஞ்ச ஆளில்லை.

“பழைய எண்களையெல்லாம் ராவி எடுத்துடுங்க. ஜெர்மனின்னு ஏற்றுமதி முத்திரை மட்டும் போதும். நாலு எண்ணைப் பாத்தா வாங்குறவன் ஒட்டுப்போட்ட சரக்குன்னுவான்,” என்றார் மேஸ்திரி ட்ரேகர்.

“ஒட்டுப்போட்டதுதானே ஐயா? நான் ராவ மாட்டேன்,” என்றாள் வால்புர்கா.

“அப்போ திங்கக்கிழமை வேலைக்கு வராதே.”

“வாயை மூடிக்கிட்டு ராவுடி,” என்று கெஞ்சிய ஓட்மார், தன் பங்குத் துப்பாக்கிகள் ஆறிலும் எண்களை ராவிவிட்டார். வால்புர்காவோ, தன் பன்னிரண்டில் எந்த எண்ணோடு எந்த எண் சேரும் என்று தாளில் எழுதிக்கொண்டாள்.

கழற்றிய பாகங்கள், துருப்பிடிக்காமலிருக்கக் கருநீலம் ஏற்றும் தொட்டிக்குப் போய், சனிக்கிழமை ஒரே குவியலாகத் திரும்பின. வால்புர்கா தாளைப் பார்த்து மதியத்துக்குள் பன்னிரண்டையும் பூட்டிவிட்டாள். எண் போன ஓட்மாரின் குழல்களோ, அவர் எடுத்த எந்த உடலிலும் நுழையாமல் முரண்டுபிடித்தன.

“பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு அண்ணே, வருதான்னு!”

ட்ரேகர் அவளுடைய துப்பாக்கி ஒன்றின் குழலைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. “திங்கக்கிழமை வந்துடு. எண்ணைத் தொடாதீங்கன்னு நீயே எல்லாருக்கும் சொல்லு.”

ஓட்மாரின் ஆறும் கிடந்தபடியே கிடந்தன. அவரோ பக்கத்து மேசைக்காரனிடம், “என் தங்கச்சி,” என்று இரண்டு தடவை சொன்னார்.