மல்லிகைப்பூ கட்டிய பிறகு

மல்லிகைப்பூ என்றாலே எனக்கு எரிச்சல். தலையில் வைத்தால் சரி. மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். பால் கட்டிக்கொண்டு வலித்தால் நம் வீடுகளில் முதலில் செய்கிற வைத்தியம் அதுதான். வற்றிய பாலை வரவழைக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிட்லபாக்கத்து வீட்டில் நானும் டிவியும்தான். அதனால் யார் கூப்பிட்டாலும் போய்விடுவேன்.

அப்படித்தான் பெருங்களத்தூரில் அந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அங்கே பிள்ளை பெற்றிருந்த பெண் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பால் கட்டிய வலியில் அவள் துடிப்பதைப் பார்த்து மாமியார் பூவைக் கட்டிவிட்டார். குழந்தைக்குப் பவுடர் பால். அவள் தேறி வந்ததும் மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டார். குழந்தைக்கோ பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை இறங்கிக்கொண்டே போனது. கணவர் காலையில் சிறுசேரிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்.

மார்பில் போட்டால் குழந்தை வில்லாக வளைந்து கத்தியது.

“என்னை இவனுக்குப் பிடிக்கல சிஸ்டர். பாட்டிலைப் பாத்தா சிரிக்கிறான்.”

“அட போம்மா! மூணு மாசக் குழந்தைக்குப் பிடிக்கிறதாவது, பிடிக்காததாவது!” என்று அதட்டினேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

மெல்லிய குழாயின் ஒரு முனையைக் காம்போடு சேர்த்து ஒட்டி, மறுமுனையைப் பவுடர் பால் கிண்ணத்தில் போட்டேன். குழந்தை சப்பினால் கிண்ணத்துப் பால் வரும். சப்பச் சப்ப மார்பிலும் ஊறும். கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்வேன். அவள் குழந்தையைப் பார்க்கவே மாட்டாள். கிண்ணத்தில் பால் குறையக் குறைய முகம் வாடிப்போகும்.

“எல்லாம் கிண்ணத்துப் பால்தான். நான் வெறும் ஸ்டாண்டு.”

தினமும் போனேன். மதியம் விடமாட்டாள். “சாப்பிட்டுட்டுப் போங்க சிஸ்டர். தனியா சாப்பிடப் பிடிக்கல,” என்பாள். எனக்கும் பிடிக்காது என்று நான் சொன்னதில்லை.

வாரங்கள் போயின. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். குழந்தை மளக் மளக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர், பால் குறையவே இல்லையே. குழாய் அடைச்சிக்கிச்சா?”

“அடைக்கல. நான்தான் பிடிச்சிருக்கேன்.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு குனிந்து குழந்தையின் தொண்டையைப் பார்த்தாள். அவள் அழுத அழுகையில் குழந்தையின் தலை குலுங்கியது. அது விடவில்லை, குடித்துக்கொண்டே இருந்தது. நானும் அழுதேன்.

குழாயை எடுத்தோம். வயிற்றுப்போக்கு நின்றது, எடை ஏறியது. ஒரு சாயங்காலம் ஃபோன் செய்தாள். “நாளைலேர்ந்து நீங்க அலைய வேணாம் சிஸ்டர். நாங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக்குவோம்.” குரலில் அப்படியொரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் இல்லை.

மறுநாள் மதியம் பசித்தும் தட்டின் முன்னால் உட்கார மனம் வரவில்லை. குழந்தை மறுபடியும் மார்பைப் பிடிக்காமல் அழுதால் கூப்பிடுவாளே என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டு சோற்றைப் போட்டுக்கொண்டேன்.