பாலத்தில் பதில் சொன்ன வண்டி

ஆ-தின் எனக்குத் தம்பி முறை. அவன் அம்மா போங்-யோ என் அம்மாவின் சித்தப்பா மகள். ‘பொண்ணாப் போச்சு, சரி, வளர்ப்போம்’ என்று வைக்கிற பெயர் அது. எங்கள் பக்கம் அப்போது அப்படித்தான் வைப்பார்கள். பிறகு அந்த வீட்டைத் தாங்கியவள் அவள்தான்.

ஆ-தினிடம் ஒரே ஒரு வெள்ளை வேன். லோதோங் ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்தவர்களை மலையடிவாரத்து ஊர்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. சேர்ப்பது என்றால் மூச்சோடு சேர்ப்பது. வாசலுக்கு வெளியே மூச்சு நின்றுவிட்டால் உடம்பு நடுக்கூடத்துக்குள் போகக் கூடாது, வெளியே கூடாரம் போட்டுத்தான் கிடத்த வேண்டும். அதனால் பெக்-ஹா என்ற நர்ஸ் வண்டியில் கூடவே போவாள். என் நாத்தனாரின் மருமகள் அவள். நோயாளியின் வாயையும் மூக்கையும் மூடியால் பொத்தி, அதில் சேர்ந்திருக்கும் காற்றுப்பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவாள். கூடத்தில் படுக்க வைத்த பிறகுதான் பையை எடுப்பாள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வாள். அதற்கு முன்னால் எந்த வளைவில் என்ன நடந்தது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊரான கே-போவுக்கு வருகிற வழியில் மூன்று பாலம். ஒவ்வொன்றிலும் மூத்த பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும், “அம்மா, பாலம் வருது, கூடவே வாங்க” என்று. சொல்லாவிட்டால் உயிர் தண்ணீரைத் தாண்டாமல் அக்கரையிலேயே நின்றுவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வண்டிக்குள்ளிருந்து பதில் வர ஆரம்பித்தது.

முதலில் கேட்டவர்கள் வெங்காயத்தாள் பயிரிடுகிற லான் வீட்டுக்காரர்கள். மகன் “அப்பா, பாலம்” என்று சொன்னதும் கீழேயிருந்து “ம்ம்ம்” என்று ஒரு சத்தம். மூக்கால் விடுகிற, களைத்துப்போன ஆள் சொல்கிற ‘ம்ம்’. இரண்டாவது பாலத்திலும் அதே. மகன் அழுதுகொண்டே சிரித்தானாம். பிறகு ஊரெல்லாம் பேச்சு. ஆ-தின் வண்டியில் வந்தால் போகிறவர்கள் பதில் சொல்கிறார்கள். வேறு வண்டி கிடைத்தாலும் அவன் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

ஆ-தினுக்கு அது பிடிக்கவில்லை. யாரையும் ஏற்றாமல் தனியாகத் திரும்பி வரும்போதும் சில நாள் அந்தச் சத்தம் வந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் பின்னாலிருந்து “ம்ம்ம்”. பின்பக்கம் தெரிகிற கண்ணாடியைத் துணியால் மூடிக்கொண்டு ஓட்டினான்.

கடைசியில் வண்டியை யுகானிடம் விட்டான். யுகான் மலைக்காரன், அதாயால் சனம். அவன் பெரியம்மா எங்கள் ஊர்ப் பள்ளியில் சமையல் வேலை பார்த்தவள். ஆற்றோரத்தில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை செய்தான். வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். “ம்ம்ம்” என்றது.

“இதானே தின் அண்ணே உங்க பேய்?” என்றான். “சக்கரத்தத் தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்ம்ல இருக்கிற புஷ். வெளியில ஒரு இரும்பு வளையம், உள்ள ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரப்பர். ரப்பர் செத்துப்போச்சு. பாலத்துல தார் ரோடும் கான்கிரீட்டும் சேர்ற இடம் இருக்குல்ல, அதுல சக்கரம் ஏறி இறங்கும்போது இரும்பு இந்தச் செத்த ரப்பர்ல தேயுது.”

“தனியா வரும்போதும் சத்தம் வருதேடா.”

“ரப்பருக்கு ஆள் இருக்கா இல்லையான்னு தெரியுமா? இதோட ஓட்டாதீங்க. ஒருநாள் எருமைத்தலை வளைவுல நீங்க ஒரு பக்கம் திருப்புவீங்க, சக்கரம் அதுபாட்டுக்கு ஒரு பக்கம் போகும்.”

அந்த வாரம்தான் போங்-யோ சின்னம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். சின்னம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “என்னைய வெளியில போட்டுடாதே.” அவள் புருஷன் மரம் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து ரோட்டிலேயே போனவர். கூடாரத்தில் கிடத்தியிருந்தார்கள். விடாத மழை. துணி வழியாகச் சொட்டிய தண்ணீர் அவர் முகத்தில் விழாமல் இருக்க அவள் குனிந்தே நின்றாள். சொந்த வீட்டு வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை நானும் பார்த்தேன்.

ஆக வண்டி சரியாக வேண்டும், அதுவும் உடனே. கம்பெனி அந்த மாடல் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது, ஒரிஜினல் புஷ் கிடைக்காது. யுகான் எங்கெங்கோ சொல்லி மூன்று தினுசு வரவழைத்து மேஜையில் வைத்தான். ஒன்று சிவப்பு, பிளாஸ்டிக் மாதிரி கெட்டி. இன்னொன்று முழுக்க ரப்பர் அடைத்த கறுப்பு. மூன்றாவதும் கறுப்புதான், ஆனால் ரப்பரில் பிறை மாதிரி இரண்டு பக்கமும் இடைவெளி விட்டிருந்தார்கள், கம்பெனி புஷ்ஷில் இருந்ததைப் போலவே.

ஆ-தின் சிவப்பை எடுத்தான். “இது தேயாதுன்னு சொல்றாங்களே?”

“தேயாது. மலையில ரேஸ் விடற பசங்க இதத்தான் போடறாங்க. ஆனா கல்லுல ஏறினா கல்லு அப்படியே முதுகுல தெரியும். கிரீஸ் காஞ்சா கத்தும் வேற. உங்க வண்டியில வர்றவங்க ஒடம்புல எலும்பத் தவிர என்ன இருக்கு அண்ணே?”

“அப்ப இந்தக் கறுப்பு?”

“அதுல இடைவெளியே இல்ல, பாருங்க. முன்னும் பின்னும் அசையறதுக்கு எடம் வேணும். அது இல்லன்னா இதுவும் கல்லுதான்.” மூன்றாவதை எடுத்து, ரப்பரும் இரும்பும் சேர்கிற விளிம்பில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தான். நகம் இறங்கவில்லை. “ஒட்டு நல்லா இருக்கு. யார் செஞ்சதோ, பேர் தெரியல. ஆனா இதுதான்.”

அப்போதுதான் சின்னம்மாவின் மூத்த மகன் கிம்-சான் வந்து நின்றான். கோயில் கமிட்டியில் இருப்பவன், எங்கேயும் அவன் குரல்தான் முதலில் வரும்.

“டேய், அம்மாவக் கொண்டுவந்து சேத்துட்டு அப்பறம் மாத்து.”

“ஏன் அண்ணே?”

“ஏனா? லான் வீட்டுக் கிழவர் பதில் சொன்னார். அரிசிக்கடைக்காரம்மா பதில் சொன்னா. வாழ்நாள் பூரா ஒருத்தருக்கும் பதில் சொல்லாத அந்தக் கஞ்சன் கூடப் பதில் சொன்னான். நம்ம அம்மா மட்டும் வாய மூடிட்டு வரணுமா?”

யுகான் கடப்பாரையை எடுத்து நெம்பினான். “ம்ம்ம்.” மறுபடி நெம்பினான். “ம்ம்ம்.” பட்டப்பகலில், அங்கே இருந்த எல்லார் கண்ணுக்கும் முன்னால். கிம்-சான் முகம் வெளுத்துவிட்டது. கைகளைக் கூப்பி வண்டியைப் பார்த்து மூன்று தடவை குனிந்தான். “அத நோண்டாதடா, வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆனால் ஆ-தின் மாற்றச் சொல்லிவிட்டான். பழசை அழுத்தி வெளியே தள்ளியபோது ரப்பர் நாலாகப் பிளந்து, கறுத்த நாக்கு மாதிரி விழுந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான். புதுசை ஆர்மில் இருந்த குறிக்கு நேராக, பிறை முன்னும் பின்னும் வருகிற மாதிரி உட்கார வைத்தார்கள். போல்ட்டை இறுக்குவதில்தான் சூட்சுமம். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தரையில் நின்று, எப்போதும் சுமக்கிற பாரம் உள்ளே இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

அந்த வண்டி எப்போதும் சுமக்கிற பாரம் என்ன? உட்கார நாலு பேர் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்க ஒருத்தரும் வரவில்லை. “மண்ணு மூட்டை ஏதாவது இருந்தா வையுங்க” என்றார்கள். மழையில் எங்கே போய் மூட்டை தேடுவது? ஆ-தினே ஏறிப் படுத்தான்.

அவன் அதில் படுத்தது அதுதான் முதல் தடவை. கூரையில் ஒரு இடத்தில் வெள்ளைப் பெயின்ட் தேய்ந்து விரல்தடமாக இருந்ததாம். படுத்திருப்பவர் கையை நீட்டினால் எட்டுகிற இடம். ஓட்டுகிறவன் கண்ணில் அது பட்டதே இல்லை. எத்தனை பேர் தொட்டிருந்தால் பெயின்ட் தேயும்? அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தபோது காதுக்குப் பக்கத்தில், தலையணையில் இன்னொருவர் தலை வைத்திருப்பதைப் போல, “ம்ம்ம்” என்று கேட்டது.

கீழேயிருந்து யுகானின் குரல். “தின் அண்ணே, என்ன முனகறீங்க?”

“நான் எங்கடா முனகினேன்? நீ நெம்பறியா?”

“என் கையில ஸ்பேனர்கூட இல்ல. கீழ விழுந்துடுச்சு, தேடறேன்.”

உட்கார்ந்திருந்த நாலு பேரும் மழையில் இறங்கி நின்றுவிட்டார்கள். அவர்களைத் திரும்ப ஏற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. யுகான் அவசரமாக இறுக்கி முடித்தான். அதற்குப் பிறகு அவன் அந்த வண்டியைப் பேய் என்று கேலி செய்யவில்லை.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள், கிளம்புங்கள் என்று. நான் கே-போ வீட்டில் இருந்தேன். நடுக்கூடத்தில் பலகை போட்டு, சாமி மாடத்தைச் சிவப்புக் காகிதத்தால் மூடிக்கொண்டிருந்தேன். உயிர் போவதை சாமி பார்க்கக் கூடாது. வண்டிக்குள் நடந்ததை பெக்-ஹா எனக்குப் பிறகு சொன்னாள்.

முதல் பாலம் வந்தது. கிம்-சான் உரக்கச் சொன்னான். “அம்மா, பாலம் வருது, கூடவே வாங்க.” வண்டி தண்ணீரில் மிதப்பதைப் போல இணைப்பின்மேல் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. காற்றுப்பை மட்டும் புஸ், புஸ்.

இரண்டாவது பாலத்தில் இன்னும் உரக்கக் கத்தினான். ஒன்றுமில்லை. எந்த இடத்திலும் குலுங்காத அந்தப் பயணம் பெக்-ஹாவுக்கே கிலியாக இருந்ததாம். முன்பெல்லாம் வண்டியின் ஆட்டத்தோடு ஆட்டமாக உடம்பும் அசையும், உயிர் இருக்கிற மாதிரி தெரியும். இப்போது சின்னம்மா மரக்கட்டை மாதிரி கிடந்தாள். மூன்றாவது பாலத்தில் கிம்-சான் கெஞ்சினான். “அம்மா, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ.” ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவன்தான் முதலில் இறங்கினான். வாசலை மறித்துக் கையை நீட்டிக்கொண்டான்.

“உள்ள கொண்டு போகாதீங்க. அம்மா போயிட்டா. மூணு பாலத்துலயும் பதில் இல்ல. கூடாரத்தப் போடுங்க.”

“அண்ணே, அது ரப்பர் சத்தம்! ரப்பர மாத்தியாச்சு!”

“கஞ்சனுக்குப் பேசின ரப்பர் அம்மாவுக்குப் பேசாதா? இவ பைய அமுக்கறா, நெஞ்சு ஏறுது. அது உயிரா? பொணத்த உள்ள விட்டு சாமி குத்தம் ஆனா உன் பிள்ளைங்களும் என் பிள்ளைங்களும்தான் அனுபவிக்கணும்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடாரத்துக்கான இரும்புக் கம்பிகளைத் தயாராகத்தான் வைத்திருந்தார்கள். ஒருவன் ஒரு கம்பியை நட்டே விட்டான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆ-தின் அந்தக் கம்பியைப் பார்த்தான். வண்டியிலிருந்து இறக்கிய ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாவைப் பார்த்தான்.

“பெக்-ஹா, பைய எடு.”

“இங்கயா? வாசல்லயா?” அவள் கை பையை அமுக்கிக்கொண்டே இருந்தது. “எடுத்தா தெரிஞ்சிடும் மாமா. ஆனா இதுவரைக்கும் இருந்த மூச்சு, எடுத்ததாலயே நின்னுடவும் நிக்கலாம்.”

“எடும்மா.”

எடுத்தாள். எஞ்சினை நிறுத்தினார்கள். எல்லோரும் ஸ்ட்ரெச்சரைச் சுற்றி நெருக்கி நின்று காற்றை மறைத்தோம். சின்னம்மா வாய் திறந்தபடி இருந்தது. மார்பு அசையவில்லை. என் கையில் மாடத்துக்குக் கிழித்தது போக மிச்சமிருந்த சிவப்புக் காகிதம். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது, அதை அவள் வாய்க்கு நேரே பிடித்தேன்.

அது தொங்கியது. தூறல் பட்டு என் விரலில் சாயம் இறங்கியது. கிம்-சான் அழ வாயெடுத்தான்.

காகிதம் உள்ளே போய் அவள் உதட்டில் ஒட்டியது. ஒட்டி அப்படியே நின்றது. யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருப்பதைப் போல. பிறகு மெல்லப் படபடத்து என் பக்கம் வந்தது. மறுபடி உள்ளே போனது.

“தூக்குங்கடா!” என்றேன். தூக்கியவர்களில் முதல் ஆள் கிம்-சான்.

கூடத்தில் பலகையில் படுக்க வைத்தோம். பையை மறுபடி வைக்க அவசியம் வரவில்லை. அரிசி உலை கொதிக்கிற நேரம் வரைக்கும் அவள் தன் மூச்சில் இருந்தாள். இடையில் கண்ணைத் திறந்து மூத்தவனைத் தேடினாள். அவன் குனிந்தான். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“மூணு தடவையும் சொன்னேனேடா. ம்ம்னு சொன்னேனே. ஏன் அப்படிக் கத்தினே? கேக்கலயா ஒனக்கு?”

ஆ-தின் சுவரோரம் நின்றிருந்தான். நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கிம்-சான் அம்மாவின் நெற்றியிலிருந்த மழைத்தண்ணீரைத் துடைத்தான். “கேட்டுதும்மா” என்றான். “எல்லாப் பாலத்துலயும் கேட்டுது.”

பெக்-ஹா கடிகாரத்தைப் பார்த்தாள்.