மாப்பிள்ளைக்காக வந்த வக்கீல் நோட்டீஸ்

யுத்த காலத்தில் பெங்களூர் கன்டோன்மென்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் முன்கட்டில் இருந்தார். நானும் கணவரும் பின்கட்டில். இரண்டுக்கும் ஒரே கேட், ஒரே குழாய். தினமும் காலையில் மாதா கோவில் பூசைக்குப் போகும்போது "சௌக்கியமா டீச்சர்?" என்று கேட்காமல் போகமாட்டார். அந்த மனிதர்தான் எங்களைக் கிளப்புவதற்கு வக்கீலைப் பிடித்து ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். பத்தடி தூரத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியது தபாலாபீஸ் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது.

கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். நான்தான் படித்தேன். 'எமது கட்சிக்காரரின் ஒரே குமாரனுக்கு விவாகம் நிச்சயமாகியிருப்பதால், அவர் குடித்தனம் நடத்த மேற்படி பாகம் தேவைப்படுகிறது. இம்மாத முடிவுக்குள் காலி செய்யவும்.'

அந்த ஒரே குமாரன் குருமடத்தில், கல்யாணமே கூடாத கத்தோலிக்கச் சாமியாராவதற்குப் படித்துக்கொண்டிருந்தான். வக்கீலுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. தகப்பனுக்கு வெட்கமில்லை.

"பேசாம வேற வீடு பாத்துக்கலாம்," என்றார் கணவர்.

நான் நோட்டீசோடு முன்கட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மகன் சாமியாராகப் போவதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்த அம்மாள். எழுதப் படிக்கத் தெரியாதவர். படித்துக் காட்டினேன்.

"யாருக்குக் கல்யாணம்?"

"உங்க மகனுக்குத்தாம்மா. வக்கீல் எழுதியிருக்கார்."

"இன்னொரு தடவ படி."

படித்தேன். முறத்தைத் தள்ளிவைத்தார். "வரட்டும் அந்த மனுஷன்."

சாயங்காலம் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. "பொய் சொல்றதுக்கு வேற பிள்ளையே கெடைக்கலயா உங்களுக்கு? சாமிக்குக் குடுத்தவன பொண்டாட்டியோட பின்கட்டுல குடிவெக்கிறீங்களே."

காது குளிரக் கேட்டேன். கிடைத்த லாபம் அவ்வளவுதான். மூன்றாம் வாரம் அதே வக்கீலிடமிருந்து இரண்டாவது நோட்டீஸ் வந்தது. இப்போது வீடு விழுகிற நிலையில் இருந்ததாம். உடனே இடித்துக் கட்ட வேண்டுமாம். திடீரென்று எங்கள் உயிர்மேல் அக்கறை. எதிர்த்துப் பதில் எழுதலாம் என்றேன். கணவர் அதற்குள் அல்சூரில் வீடு பார்த்துவிட்டார். வண்டி ஏறும்போது அந்த அம்மாள் மட்டும் கேட் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் ஜன்னலோரம் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

அடுத்த வாரமே பட்டாளத்து வெள்ளைக்கார ஆபீசர் ஒருவர் கூடுதல் வாடகைக்கு அங்கே குடிவந்தார். விழப்போகிற சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை.

கோவிலில் வீட்டுக்காரரைக் கண்டால் கணவர் எப்போதும்போல் வணக்கம் சொல்வார். நான் சொன்னதில்லை.