பார்ச்சு இலையில் உட்கார்ந்தவர்

ஏகாம்பரம் அண்ணன் எனக்கு எப்படிச் சொந்தம் என்றால், என் தாத்தாவும் அவருடைய தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரே கப்பலில் மலாயாவுக்கு வந்து இரண்டு தோட்டத்துக்குப் பிரிந்துபோனவர்கள். எங்கள் தாத்தா மலாக்கா பக்கம் குருபோங்கில் நின்றுவிட்டார். அவருடைய தாத்தா நிற்கவில்லை. தோட்டம் தோட்டமாக மாறி வடக்கே கெடா வரைக்கும் போய்விட்டார். அங்கேதான் அண்ணனின் அப்பா பெண் கட்டினார். அந்த அம்மாவின் பெயர் ருக்மணி. அவர்கள் பக்கத்து ஆட்கள் ஒருத்தரைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அண்ணனுக்குப் பால்பல் விழுகிற வயதில் அந்த அம்மா காய்ச்சலில் போய்விட்டது. புதைத்த இடத்திலும் பின்னால் ரப்பர் கன்று நட்டுவிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் போனார். உனக்கு எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அண்ணன் தலையைச் சொறிவார்.

சண்டை முடிந்த பிறகு மலாக்காவுக்கு வந்து, ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்பார்கள், டாக்சி ஓட்டினார். ஆள் நிறைந்தால் கிளம்புகிற டாக்சி. சிரம்பான், கோலாலம்பூர், சில வேளை குவாந்தான் வரைக்கும் போகும். நல்ல ஓட்டுநர்தான், ஆனால் ஒரு கெட்ட பழக்கம். வழியில் அதிசயமாக எதைப் பார்த்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

"ஏன்யா நிறுத்துறே? டயர் போச்சா?"

"டயர் நல்லா இருக்கு. அந்தப் பாறையைப் பாருங்க. தண்ணி மேலேர்ந்து விழுது, கீழே வந்து சேரலே. நடுவிலேயே புகையாப் போவுது."

"எனக்கு ரெண்டு மணிக்குக் கோர்ட்டு."

"கோர்ட்டு அங்கேயேதான் இருக்கும். மழை நின்னா இந்தத் தண்ணி இருக்காது."

இதனால் பாதிப் பேர் அவர் வண்டியில் ஏறமாட்டார்கள். மீதிப் பேர் அவர் வண்டிக்காகவே காத்திருப்பார்கள். பூச்சியைத் தின்கிற குடுவைச் செடி, கொதிக்கிற ஊற்று, வீடு உயரத்துக்கு வாயைத் திறந்திருக்கும் குகை, எல்லாம் அவருக்கு இடம் தெரியும்.

தங்கியது மலாக்கா ஊருக்குள் காஜா பேராங்கில், நாகம்மா மாமி வீட்டுப் பின்னறையில். மாமி செட்டி ஆள். செட்டி என்றால் வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. அந்தக் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே நின்றுவிட்ட நம் ஆட்களின் வழி. கும்பிடுவது மாரியம்மனை, கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். நடுநடுவே நம் வார்த்தை நாலைந்து விழும். மாமி பேசியதை நான் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

மாமி புருஷனை இழந்தவள். ஒரே மகன் நடராஜன். ஜப்பான்காரன் அவனை சயாம் காட்டில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். செத்தவர்களின் செய்தியும் வந்தது. நடராஜனைப் பற்றி மட்டும் இரண்டும் வரவில்லை.

அண்ணன் நேரங்கெட்ட நேரத்தில் வருவார். பின்வாசல் தாழ் போடாமல் இருக்கும். அடுப்படி ஓரத்தில் சாப்பாடு மூடி வைத்திருக்கும். அநேகமாகக் கத்திரிக்காய் சம்பலும் பொரித்த கெம்போங் மீனும். காலடிச் சத்தம் கேட்டதும் மாமி உள்ளேயிருந்து, "சுடா மக்கான்?" என்பாள். சாப்பிட்டாயா என்றுதான். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்குப் பார்த்ததைச் சொல்வார். மாமி எல்லாம் கேட்டுவிட்டு, "அங்கே சயாமுக்குப் போய் வந்தவங்க யாராவது இருந்தாங்களா?" என்று ஒன்று மட்டும் கேட்பாள். அண்ணனும் ஊர் ஊராக விசாரிக்காமல் வந்ததில்லை.

இப்போது ஐம்பத்தேழாம் வருஷத் தைப் பொங்கலுக்கு முந்தின நாளுக்கு வருகிறேன். நமக்குப் போகி. செட்டி வீடுகளில் அன்றைக்குப் பார்ச்சு. செத்துப்போனவர்களுக்குப் படைக்கிற நாள். அந்த வீட்டு வழக்கம் எப்படியென்றால், நடுவறையில் வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, எந்த இலை யாருக்கோ அவருக்குப் பிடித்ததை வைப்பார்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் பிண்டாங் மீன்குழம்பும் பொது. தாத்தாவுக்குச் சுருட்டு, அத்தைக்கு வெற்றிலை என்று அவரவர்க்குத் தனியாக. பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட நேரம் கொடுக்க வேண்டுமாம். அவர்கள் முடிக்கிற வரைக்கும் உயிரோடு இருப்பவர்கள் ஒரு பருக்கை தொடக் கூடாது.

நடராஜனுக்கு மாமி ஒரு வருஷமும் இலை போட்டதில்லை. போட்டால் செத்துவிட்டான் என்று அவளே சொன்னதாகிவிடும். அந்த வருஷம் அவள் கொழுந்தன் கருணாகரன் விடவில்லை. "அண்ணி, அவன் எங்கேயோ பசியோட சுத்திக்கிட்டு இருந்தா, அந்தப் பாவம் நமக்குத்தான்" என்றார். பசி என்ற சொல்லைக் கேட்டதும் மாமி சரி என்றுவிட்டாள். வரிசையின் கடைசியில், அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில், ஓர் இலை போட்டாள். அதில் கத்திரிக்காய் சம்பலும் பொரித்த கெம்போங் மீனும் வைத்தாள்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு இந்தப் பார்ச்சு தெரியாது. ஒவ்வொரு வருஷமும் போகிக்கு முன்னாலேயே குருபோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வருஷம் குவாந்தான் சவாரி போனார். வழியில் பகாங்கில் வெள்ளம். சாலை முழுகி, பாதி வழியில் திரும்பினார். அவசரகாலம் வேறு. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று சாலையில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது, சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். முதல் நாள் காலையில் சாப்பிட்டதுதான். மறுநாள் மத்தியானம் காஜா பேராங் வந்து சேர்ந்து, வழக்கம்போலப் பின்வாசலில் நுழைந்தார். அடுப்படியில் ஆள் இல்லை. மூடி வைத்த தட்டும் இல்லை. நடுவறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் வரிசையாக இலை. விருந்தாளிகள் வருகிறார்கள், நமக்கும் ஓரமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கடைசி இலையில் அவருடைய சாப்பாடுதானே இருந்தது.

உட்கார்ந்து சாப்பிட்டார்.

வாசல் பக்கக் கதவு திறந்தது. முன்னால் நின்றது நாகம்மா மாமி. பின்னால் கருணாகரனும் சொந்தக்காரர்களும். அண்ணன் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். மாமியின் முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிப் பார்த்ததில்லை என்பார். ஒரு நொடி விளக்கேற்றின மாதிரி இருந்ததாம். அடுத்த நொடி அணைந்துவிட்டதாம்.

கருணாகரன்தான் கத்தினார். "செத்தவன் சோத்தையும் விட்டு வைக்க மாட்டியா? வாடகைக்கு வந்தவன் வாடகை இடத்தோட நிக்கணும்லா."

மாமி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் அண்ணன். விஷயம் தெரிந்ததும் கையைக் கழுவினார், தகரப் பெட்டியை எடுத்தார், எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் அப்பாவிடம், "சித்தப்பா, நான் கப்பல் ஏறிடலாம்னு பார்க்கிறேன்" என்றார். அந்தச் சமயம் நிறையப் பேர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வந்தால் நம்மை என்ன செய்வார்களோ என்று பயம்.

"அங்கே யாரு இருக்கா உனக்கு?" என்றார் அப்பா.

"சேலம் பக்கம் பெரிய தாத்தா பேரன் ஒருத்தர் இருக்காராம்."

"அவரு மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது. இங்கே மட்டும் எத்தனை மூஞ்சி தெரியுது?"

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன கொறைச்சல்?"

அண்ணன் சிரித்தார். ஆனால் மடித்து வைத்த சட்டைகளை வெளியே எடுக்கவே இல்லை. பெட்டி கட்டினபடியே கிடந்தது.

மார்ச் மாதம். டாக்சி நிற்கிற இடத்துக்கு நாகம்மா மாமி வந்து நின்றாள். தனியாகப் பெண்பிள்ளையை அனுப்ப முடியாதென்று கருணாகரனும் கூட. அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"சுடா மக்கான்?" என்றாள் மாமி.

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

"கடலைத் தாண்டி வர்ற பருந்து பத்திச் சொன்னியே. அதைப் பார்க்கணும். கூட்டிட்டுப் போ."

மாமி அதுவரைக்கும் ஊரை அடுத்த தஞ்சோங் கிளிங்கைத் தாண்டினவள் இல்லை. அந்தப் பருந்துகள் கரை சேர்கிற தஞ்சோங் துவான், போர்ட்டிக்சன் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. மேலே காடு, காட்டுக்கு மேலே கலங்கரை விளக்கம். வழியெல்லாம் கருணாகரன் ஓயவில்லை.

"பருந்தைப் பார்க்க இவ்வளவு தூரமா? எங்க வீட்டுக் கோழிக்குஞ்சைக் கேட்டா அது காட்டும்."

"மாமா, அது இந்த ஊர்ப் பருந்து. இது விருந்தாளி."

"விருந்தாளியா? எந்த இலையில உட்காரும்னு கேட்டுக்கோ."

மாமி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேட்டில் ஏறி நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் வெறும் கடல். சுமத்ரா கரை கண்ணுக்குத் தெரியாது. பிறகு தண்ணீரின் மேல் பொட்டுப் பொட்டாக ஏதோ வந்தது. கிட்ட வர வரச் சிறகு தெரிந்தது. அலையை உரசுகிற உயரத்தில், ஒவ்வொரு அடிப்பும் கடைசி அடிப்பு மாதிரி அடித்துக்கொண்டு வந்தன. கரை தட்டியதும் சிறகை விரித்தபடி அப்படியே நின்றன. வெயிலில் சூடேறிய காற்று அவற்றைச் சுழற்றிச் சுழற்றி மேலே தூக்கியது. தலைக்கு மேல் ஒரு பெரிய வட்டம். கருணாகரன் வாயைத் திறந்தபடி நின்றார். ஒன்று மட்டும் வட்டத்தில் சேரவில்லை. கரையோர மரத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கியது.

"வழியிலே கடல்ல விழுந்துடுறதும் உண்டா?" என்று மாமி கேட்டாள்.

"உண்டு மாமி."

மாமி பிறகு, "அன்னைக்கு அந்த இலையில ஏன் உட்கார்ந்தே?" என்றாள்.

"எனக்குப் போட்டதுன்னு நினைச்சேன். கத்திரிக்காய் சம்பல் இருந்திச்சு."

"அது அவனுக்குப் பிடிச்சது. உனக்குத் தினம் அதையே ஆக்கினதும் அதனாலதான்."

கருணாகரன் மெதுவாகச் சொன்னார். "அப்போ இத்தனை வருஷமா அவன் பங்கை இவன்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்கான்."

மாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "கதவைச் சாத்திட்டு நின்னேன் ஏகா. உள்ளே சாப்பிடுற சத்தம் கேட்டுது. வந்துட்டான்னு நினைச்சேன். உசிரோட வந்துட்டான்னு. திறந்தா நீ. உன் மேல எனக்குக் கோபம் கிடையாது. நீ அவனா இல்லாமப் போனதுதான் கோபம்."

அண்ணன் மரத்தில் இருந்த பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழும்பி வட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது.

"பின்னறையை யாருக்கும் விடலே" என்றாள் மாமி. "தாழும் போடலே."

அன்று சாயங்காலமே அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கப்பல் என்னாச்சு என்று அப்பா கேட்டதற்கு, "சேலத்துக்காரரு மூஞ்சியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. அன்றைக்கு ராத்திரி டாக்சியின் முன்பக்கம் கொடி கட்டி, காஜா பேராங் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். தவுக்கேயிடம் வசவு வாங்கினார்.

அடுத்த போகி வந்தது. அந்த வருஷம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் அம்மாவும்தான் அங்கே போனோம், அதனால் இதைக் கண்ணால் பார்த்தேன். மாமி இலைகளை வரிசையாகப் போட்டாள். நடராஜனுக்கு அவன் அப்பா இலைக்குப் பக்கத்தில் போட்டாள். அதற்கடுத்து இன்னோர் இலையை விரித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

அண்ணன் நின்றபடி யோசித்தார். அவருக்குத் தெரிந்தால்தானே. எங்களுக்கும் தெரியாது.

"ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு மாமி. சட்டி அடியில பிடிக்குமே, காந்தல், அதைத்தான் சுரண்டித் தின்னும். நல்ல சோத்தை எங்களுக்குப் போட்டுடும்."

"பிடிச்சுத் தின்னாளா, வேற இல்லாமத் தின்னாளா?"

"அது தெரியலே."

மாமி அடுப்படிக்குப் போனாள். கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. இலையின் ஒரு பக்கம் காந்தலை வைத்தாள். இன்னொரு பக்கம் வெள்ளைச் சோறும் மீனும் வைத்தாள்.

"ரெண்டும் இருக்கட்டும். எது வேணுமோ அவளே எடுத்துக்கட்டும்" என்றாள்.

எல்லோரும் வெளியே வந்தோம். கருணாகரன் அண்ணனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இந்த வருஷமாவது வெளியே நில்லு. நான் அடுப்படிப் பக்கம் பூட்டியே போட்டுட்டேன்" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, காதைக் கதவோரம் வைத்துக்கொண்டு நின்றார். மாமியும் அவர் பக்கத்தில் அதே மாதிரி நின்றாள்.