ஓயாவின் இருபத்தேழு குழாய்கள்

தெப்பம் நடு ஆற்றுக்கு வந்ததும் ஓயா குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோகிறாள். கண்களை மூடிக்கொள்கிறாள்.

"பதினாலாம் நம்பர்க்காரன் நேத்து மோட்டார் பைக்குக்கு ஆயில் மாத்திருக்கான்" என்கிறாள்.

தெப்பக்காரர் சனிப் கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை. "அது மூக்கா, போலீஸ் நாயா?"

"நாய்க்குச் சோறாவது போடுறாங்க, அண்ணே."

ரொக்காயா என்பது முழுப்பெயர். சந்தில் எல்லோருக்கும் ஓயா. தமிழில் இந்தப் பெயர் எப்படி ஒலிக்கிறது என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். "ஓயமாட்டாதவளா? அட, உங்க ஊர்லயும் என்னைத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் சட்டைகளைத் தராசில் வைத்தாள். சிலிவுங் ஆறு எங்கள் கிராம்புச் சந்தினைச் சுற்றி வளைகிற இடத்தில் அவளுடைய லாண்டிரி. மூன்று இயந்திரங்கள். மூன்றுக்கும் கணவனுடைய தம்பிகளின் பெயர்களை வைத்திருக்கிறாள். மூன்றிலும் அதிகம் சத்தம் போடுவதும் குறைவாக வேலை செய்வதும் ஜாயேலானி.

வயது ஐம்பத்தாறு. இடது காலில் பச்சை ரப்பர் பூட்ஸ், வலது காலில் மஞ்சள். இரண்டும் ஆற்றில் வந்தவை. "ஆறே பார்த்து வாங்கிக் குடுத்தது. ஜோடி பார்க்கத்தான் அதுக்குத் தெரியல." பிறந்ததிலிருந்து ஆற்றங்கரையில் இருந்தும் அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் பயம். தெப்பத்தில் ஏறினால் ஒரு கை மூங்கிலை விடாது. மற்றொரு கைதான் தண்ணீரை அள்ளும்.

எங்கள் வளைவில் ஆற்றுக்குள் கழிவுநீரை விடும் குழாய்கள் இருபத்தேழு. ஒவ்வொன்றின் வாய்க்கு மேலும் வெள்ளைச் சாயத்தில் அவளே எண் எழுதினாள். ஒன்றாம் எண் அவளுடையது. அதற்குக் காரணம் சனிப்.

ஆறு வருடங்களுக்கு முன்பு எங்கள் சந்து ஆட்கள் ஞாயிறுதோறும் ஆற்றில் இறங்கிக் குப்பை அள்ளத் தொடங்கினார்கள். ஓயா இறங்கமாட்டாள், கரையில் நின்று திட்டுவாள். குழந்தைகளின் டயப்பரைத் தூக்கி எறிந்தவள் யார், கிழிந்த சோபாவைத் தள்ளிவிட்டவன் யார் என்று பெயர் சொல்லித் திட்டுவாள். ஒரு ஞாயிறு அவள் உச்சத்தில் இருந்தபோது தெப்பத்திலிருந்து சனிப் கேட்டார்: "ஏ ஓயா, அதோ மிதக்குதே ஒரு வெள்ளை மெத்தை, அது யாரோடது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். லாண்டிரிக் குழாயிலிருந்து நுரை கிளம்பி ஆற்றின் பாதி அகலத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். ஓயா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாட்கள் லாண்டிரி திறக்கவில்லை. மூன்றாம் நாள் பின்புறத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. குழி தோண்டி, ஜல்லியும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் அடுக்கி, மேலே கல்வாழை நட்டாள். முதல் குழி நிரம்பி வழிந்து அவள் சமையலறைக்குள் வந்தது. இரண்டாவது நின்றது. சோப்புத் தண்ணீர் அதில் ஊறி வெளியே வரும்போது நுரை இல்லை. கல்வாழை மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து சிவப்பாகப் பூத்தது.

அதற்குப் பிறகுதான் அவள் மற்றவர்களின் கதவைத் தட்டினாள். "என் வீட்டு அழுக்கைக் கழுவிட்டுத்தான் உங்க வாசலுக்கு வந்திருக்கேன். இப்ப உங்களதைப் பார்க்கலாமா?" சிலர் குழி தோண்டினார்கள். சிலருக்கு நகராட்சி அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துக் கழிவறைத் தொட்டி வாங்கித் தந்தாள். ஒருவர், இவள் தினமும் வருவது தாங்காமலேயே ஒப்புக்கொண்டார். நான்கு வருடங்களில் இருபத்தாறு முடிந்தன. மிச்சம் ஒன்பதாம் எண்.

அது தர்சோனோவின் தாஹு, அதாவது டோஃபு செய்யும் பட்டறை. சோயாப் பாலைத் திரியவைத்துக் கட்டியாக்கியதும் வடிகிற தண்ணீர் மஞ்சளாக, புளிப்பாக, ஆவி பறக்கக் குழாய் வழியே நேரே ஆற்றில் விழும். அதற்குக் கீழே கெளுத்திக் குஞ்சுகள்கூட வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். நாற்றம் தொழுகைக் கூடம் வரைக்கும் வரும். பட்டறையில் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். அந்தத் தாஹு இல்லாமல் எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் காலை உணவு கிடையாது.

கடைசியில் புகார்க் கடிதம் எழுதினோம். அறுபத்து மூன்று கையெழுத்துகள். என்னுடையதும் அதில் உண்டு. அலுவலகத்தில் கொடுத்தால் ஒரு வாரத்தில் பட்டறைக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு ஓயாவுக்கு. துணைக்கு நான்.

சந்து முனையில் வலப்பக்கம் திரும்பவேண்டியவள் இடப்பக்கம் திரும்பினாள். "அவன்கிட்ட முதல்ல காட்டிடுவோம் தம்பி. முதுகுக்குப் பின்னாடி செய்ய வேணாம்."

தர்சோனோ ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினான். பெயர் பெயராகப் படித்தான். என் பெயர் வந்ததும் என்னைப் பார்த்தான். நான் தாஹுப் பலகைகளைப் பார்த்தேன்.

"கொடுத்துடுங்கக்கா" என்றான். "நான் என்ன, இந்தத் தண்ணிய குடிச்சுடவா முடியும்?"

"கோவப்படாத. வேற வழியே இல்லையா?"

"ஏன் இல்ல? எங்க ஊர் பெக்கலோங்கான்ல சித்தப்பா தொட்டி கட்டிருக்காரு. இந்தத் தண்ணிய மூடி வச்சா வாயு வருது, அடுப்பு எரியுது. ஆனா ஒரு மினிபஸ் நிறுத்துற அளவு இடம் வேணும். என் பட்டறையே பக்கத்து வீட்டுச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்குது. நான் எங்க போவேன்?"

வேலைக்காரப் பெண் ஒருத்தி, என்ன நடக்கிறது என்று தெரியாமல், சுடச்சுடப் பொரித்த தாஹுவைத் தட்டில் வைத்து நீட்டினாள். ஓயா பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் தின்று முடித்தாள். பிறகு சொன்னாள்: "சாயங்காலம் டேப் எடுத்துக்கிட்டு வா. என் வீட்டு முற்றத்தை அளந்து பாரு."

எங்கள் வளைவில் முழு வெயில் விழும் ஒரே காலி இடம் அதுதான். அவள் துணி காயப்போடும் முற்றம். மகள் நூர்லேலா கொதித்துவிட்டாள். "அங்க தொட்டி வந்தா துணிய எங்கம்மா காயப்போடுவ? உன் தலையிலயா?"

"கொஞ்ச நாளைக்குத் தலையிலதான்."

சந்தில் கோபம் வேறு. "எங்க கையெழுத்தை என்ன பண்ணின?" என்று வாசலில் வந்து கேட்டார்கள். அவள் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். "ஆறு மாசம் குடுங்க. அப்பவும் நாறினா நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். கீழே என் லாண்டிரி பேரையும் சேர்த்து எழுதிக் குடுக்கறேன். மூடுனா ரெண்டையும் மூடட்டும்."

ஐந்தாவது மாதம் தொட்டியைக் கட்டி முடித்து நிரப்பினார்கள். அன்றே ஒரு பக்கம் விரிசல் விட்டு, புளித்த தண்ணீர் அவள் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு நின்றது. "ஆத்துக்குப் போனது இப்ப உன் வீட்டுக்கு வருது. பாசம்!" என்றார் சனிப். ஓயா படியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்சோனோ மூன்று நாட்கள் பட்டறையை நிறுத்தினான். எட்டுப் பேரும் வந்து சிமெண்ட் குழைத்தார்கள். கயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டுச் சனிப்பும் வந்து மணல் சலித்தார்.

அதிலிருந்து மூன்றாவது வாரம், ஒரு காலை, ஓயாவின் அடுப்பில் தர்சோனோ தீக்குச்சியைக் காட்டினான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். "வெடிச்சா நான் இங்க இல்ல!" நீலமாகப் பற்றிக்கொண்டது. முதலில் எல்லோருக்கும் காப்பி வைத்தாள். இப்போது பதினொரு வீடுகள் அந்த வாயுவில் சமைக்கின்றன. கடிதத்தை அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஆறு சுத்தமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மேலேயிருந்து பாதி நகரம் இன்னும் இதில்தான் வந்து விழுகிறது. ஆனால் ஒன்பதாம் குழாயின் கீழே, தொட்டியும் கல்வாழையும் தாண்டி வரும் தண்ணீரில், இப்போது பொடி மீன்கள் கூட்டமாக நிற்கின்றன. மீனுக்கு மீன்கொத்தி வந்தது. எங்கிருந்தோ ஒரு நீருடும்பு வந்து வெயில் காய்ந்தது. இந்த வருடம் கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் வக்காக் கொக்குகள் கூடு கட்டியிருக்கின்றன. சாயங்காலம் பெண்கள் காப்பிக் கோப்பையோடு கரைப்படியில் வந்து உட்காருகிறார்கள். முன்பெல்லாம் அந்தப் பக்கத்து ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டார்கள்.

முற்றம் போனபின் ஓயாவின் துணிக்கொடி அந்த மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில்தான். போன வாரம் கல்யாண வீட்டு வெள்ளை மேசைவிரிப்புகளைக் காயப்போட்டிருந்தாள். மத்தியானம் பார்த்தால் நான்கில் வக்கா எச்சம். நூர்லேலா வீட்டுக்குள் போய் அரிவாளோடு வந்தாள். "அந்த ஒத்தைக் கிளையை வெட்டிட்டா போதும்மா. தினம் இதே தொல்லையா?"

ஓயாவின் வாயில் துணிக் கிளிப்புகள் இருந்தன. அண்ணாந்து பார்த்தாள். கூட்டின் விளிம்பில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. விரிப்புகளை உருவிக் கூடையில் போட்டாள். மரத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். வெயில் குறைவாக விழும் சுவர்ப்பக்கம்வரை கயிற்றை இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்த ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.